கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஒரு கூடைப்பந்துப் பயணம்

அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டிய மலைக்காட்டில் தோன்றித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 650 கிலோமீட்டர் ஓடி, லாங் தீவுக்கு வடக்கே கடலில் கலக்கும் கனெக்டிகட் ஆற்றின் பள்ளத்தாக்கு, காகித ஆலைகளுக்கும் பழமையான பெண்கள் கல்லூரிகளுக்கும் பெயர்பெற்றது. கூடைப்பந்து ஆட்டத்தின் தாய்நிலமும் அதுவே. ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு, கல்லூரி மாணவியர் முதன்முதலில் அதைத் தம் ஆட்டமாக்கிக்கொண்ட நார்த்தாம்ப்டன், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் வேறெந்த அணியையும்விட அதிகமான தேசியப் பட்டங்களை வென்ற அணியின் இருப்பிடமான ஸ்டோர்ஸ் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே நாளில் சாலைவழியே கண்டுவிட முடியும். இம்மூன்றையும் வரிசையாகக் காண்பவருக்கு ஓர் ஆட்டத்தின் வரலாற்றோடு, நினைவுச் சின்னங்களில் அரிதாகவே இடம்பெறும் ஒரு தொழிலின் வரலாறும் தெளிவாகும். தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்து, அணியின் அன்றாடப் பணிகளுள் பெரும்பகுதியைச் சுமக்கும் உதவிப் பயிற்சியாளரின் தொழிலே அது.

ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குள் நுழையும்போது, 91ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு பெரிய வெண்ணிறக் கோளம் தென்படுகிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயரைத் தாங்கிய கூடைப்பந்துப் புகழ்மன்றத்தின் அடையாளமான அக்கோளத்தை உடைய இன்றைய கட்டடம் 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கனடாவில் பிறந்த நெய்ஸ்மித், இந்நகரில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் சலிப்புற்றிருந்த மாணவர்களுக்காக ஒரு புதிய ஆட்டத்தை உருவாக்கும்படி மேலாளர் லூதர் குலிக் பணிக்க, 1891 டிசம்பரில் அவர் 13 விதிகளை வகுத்து, மாடத்தின் இரு முனைகளிலும் பீச் பழக்கூடைகளை அடித்து மாட்டினார். அன்று அக்கூடைகள் இருந்த 10 அடி உயரமே இன்றும் வளையத்தின் உயரமாக நிலைத்திருக்கிறது. முதல் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர் ஆடினர். ஐவர் அணி என்ற முறை பிறகு வந்தது.

இந்தப் பயிற்சிப் பள்ளியே பின்னர் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி எனப் பெயர் பெற்றது. இங்குப் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் என்பதால், நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியை அறிந்த தமிழர்களுக்கு இவ்வூர் முற்றிலும் அந்நியமானதன்று. ஆட்டத்தைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல், அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கி உலகெங்கும் அனுப்பியதே ஸ்பிரிங்ஃபீல்டின் பெரும்பணி எனலாம். பயிற்றுநர் என்ற தொழிலுக்கு மதிப்பளித்த அந்த மரபிலிருந்தே இப்பயணத்தின் எஞ்சிய பகுதி கிளைக்கிறது.

ஆற்றை ஒட்டி வடக்கே செல்லும்போது வருவது ஹோலியோக். ஆலைகளுக்காக வெட்டப்பட்ட கால்வாய்களும் செங்கல் கட்டடங்களும் நிறைந்த இத்தொழில்நகரில், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன் 1895ஆம் ஆண்டு கைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். உலகெங்கும் ஆடப்படும் இரு பெரும் பந்தாட்டங்கள் நான்கே ஆண்டு இடைவெளியில் அண்டை ஊர்களில் தோன்றியதற்கு, நீண்ட பனிக்காலமும் கூரையிட்ட உடற்பயிற்சிக் கூடங்களும் உடலைப் பேணுவதை அறமாகக் கருதிய அக்காலச் சிந்தனையும் ஒருங்கே காரணங்களாயின.

ஹோலியோக்கைக் கடந்து சென்றால் நார்த்தாம்ப்டன் வருகிறது. பாரடைஸ் என்ற குளத்தையும் உயர்ந்த மரங்களையும் சூழக் கொண்ட ஸ்மித் கல்லூரி 1875ஆம் ஆண்டு மாணவியருக்காகவே திறக்கப்பட்டது. லித்துவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்த செண்டா பெரன்சன், 1892 ஜனவரியில் இங்கே உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் தோன்றிய புதிய ஆட்டத்தைப் பற்றி வாசித்தறிந்த அவர், அதைத் தம் மாணவியருக்குக் கற்பிக்கத் துணிந்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதிய ஆட்டமே பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்களின் உடல் கடும் உழைப்பைத் தாங்காது என்ற நம்பிக்கை ஓங்கியிருந்த காலமாதலால், பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைவிட்டு வெளியேறக் கூடாது என்றும், பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கக் கூடாது என்றும், பந்தை மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது என்றும் விதித்தார்.

இவ்விதிகள் ஆட்டத்தைச் சுருக்கின என்ற விமர்சனம் உண்மையே. ஆயினும், பெண்கள் ஆடுவதையே கல்லூரிகள் தடைசெய்திருக்கக்கூடிய ஒரு காலத்தில் ஆட்டத்தைக் காத்தவையும் இவ்விதிகளே. ஆடுகளப் பிரிவினை பல மாற்றங்களோடு நெடுங்காலம் நீடித்து, 1971ஆம் ஆண்டில்தான் கல்லூரிப் பெண்கள் முழு ஆடுகளத்தில் ஐவர் அணியாக ஆடும் முறை நிலைபெற்றது. அதற்கடுத்த ஆண்டு, அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாட்டின் பேரில் எவரையும் விலக்கக் கூடாது என்று விதித்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்கள் அணிகளுக்கு உதவித்தொகையும் பயண நிதியும் ஊதியம் பெறும் பயிற்சியாளர்களும் கிடைக்கத் தொடங்கியது இச்சட்டத்திற்குப் பின்னர்தான். ஆனால் ஊதியம் வந்தவுடன் ஆண்களும் இப்பணியை நாடினர்: 1972இல் பெண்கள் கல்லூரி அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்களாக இருக்க, பிற்காலத்தில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. தலைமை இருக்கைகள் பலவும் ஆண்களிடம் சென்ற அக்காலத்தில், பெண்கள் பலர் அணியைக் கட்டியெழுப்பும் திறனை உதவிப் பயிற்சியாளர் பதவியிலிருந்தே வெளிப்படுத்த நேர்ந்தது.

நார்த்தாம்ப்டனிலிருந்து தெற்கே திரும்பி, மாநில எல்லையைக் கடந்து ஹார்ட்ஃபோர்டை அடைந்து, அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலையில் செல்லும்போது நகரத்தின் நெருக்கம் விரைவில் மறைகிறது. மேப்பிள் மரங்களும் பழைய விவசாயிகள் அடுக்கிய கல்வேலிகளும் மேய்ச்சல் நிலங்களும் வழியெங்கும் தொடர, 195ஆம் எண் மாநிலச் சாலை கனெக்டிகட் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே செல்கிறது. ஸ்டோர்ஸ் உடன்பிறந்தார் இருவர் அளித்த நிலத்தில் 1881ஆம் ஆண்டு வேளாண் பள்ளியாகத் தொடங்கியதன் அடையாளமாக, வளாகத்தின் ஓரத்திலுள்ள குன்றில் இன்றும் மாடுகளும் குதிரைகளும் மேய்கின்றன. பல்கலைக்கழகத்தின் பால்பண்ணை அங்காடியில் விற்கும் ஐஸ்கிரீமுக்கு வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இத்தகைய சிற்றூரில் எழுந்து நிற்கும் கேம்பல் அரங்கு 10,000 பேருக்கு மேல் கொள்ளக்கூடியது, 1990இல் திறக்கப்பட்டது. அதன் அருகே கூடைப்பந்து அணிகளுக்கென்றே 2014இல் கட்டப்பட்ட பயிற்சி மையம் நிற்கிறது.

1985ஆம் ஆண்டு இங்கே இந்த அரங்கும் பயிற்சி மையமும் இல்லை. அதுவரை ஒரே ஒரு பருவத்தில் மட்டுமே தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் கண்டிருந்த பெண்கள் அணிக்கு, வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜீனோ ஆரியம்மா தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அவர் உடனே தம்முடன் அழைத்துக்கொண்டவர் கிறிஸ் டெய்லி. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிய டெய்லி, 1982இல் அவ்வணி தேசியப் பட்டம் வென்றபோது அதில் இடம்பெற்றிருந்தார். பெண்கள் கல்லூரி விளையாட்டுகளைப் பெண்களே நிர்வகித்த அமைப்பான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. நடத்திய கடைசிக் கூடைப்பந்துத் தொடர் அது. ஆண்கள் விளையாட்டுகளை நிர்வகித்துவந்த என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வாண்டே பெண்களுக்கும் தொடர் நடத்தத் தொடங்கியதால் பழைய அமைப்பு மறைந்தது. ஒரு காலகட்டத்தின் இறுதிப் பட்டத்தை வென்ற அணியில் ஆடியவர், கார்னெல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் உதவிப் பயிற்சியாளராகப் பணிபுரிந்தபின், அடுத்த காலகட்டத்தின் தலைசிறந்த அணியைக் கட்டுவதில் பங்கேற்க ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

முதல் பருவத்தில் அணி 12 ஆட்டங்களில் வென்று 15இல் தோற்றது. 1988இல் டெய்லி இணைத் தலைமைப் பயிற்சியாளரானார். உதவிப் பயிற்சியாளர்களுள் முதல்வர் என்ற தகுதியையும், தலைவர் இல்லாதபோது அணியை நடத்தும் பொறுப்பையும் குறிக்கும் பதவி அது. 1991இல் அணி முதன்முறையாகத் தேசியத் தொடரின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாகியது. 1995இல் 35 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் முதல் பட்டத்தை வென்றது. அன்று அணியின் நட்சத்திரமாக விளங்கிய ரெபெக்கா லோபோ, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள சௌத்விக் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் என்பது இப்பள்ளத்தாக்கின் தொடர்ச்சிக்கு இன்னொரு சான்று. 2014 முதல் 2017 வரை தொடர்ந்து 111 ஆட்டங்களில் வென்ற இவ்வணி, 2025இல் தன் 12ஆவது தேசியப் பட்டத்தைப் பெற்றது. 2024 நவம்பர் 20 அன்று, கேம்பல் அரங்கில் ஆரியம்மா தம் 1,217ஆவது வெற்றியைப் பெற்று, கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிக வெற்றிகளை ஈட்டிய பயிற்சியாளரானார். அவ்வெற்றிகள் ஒரே பெயரில் எழுதப்பட்டாலும், அன்றைய விழா ஆரியம்மா, டெய்லி இருவரின் 40ஆவது பருவத்தையும் சேர்த்தே கொண்டாடியது.

இத்தகைய நீண்ட பணியில் ஓர் உதவிப் பயிற்சியாளர் செய்வது என்ன என்பதை விளக்கினால்தான் அதன் எடை புரியும். முதற்பணி வீராங்கனைகளைச் சேர்ப்பது. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் போட்டியிடுவதால், திறமையுள்ள ஒரு பள்ளி மாணவியைப் பல கல்லூரிகள் ஒரே நேரத்தில் நாடுகின்றன. உதவிப் பயிற்சியாளர் பனிக்காலத்தில் பள்ளி அரங்குகளிலும், கோடையில் தனியார் சங்கங்கள் நடத்தும் போட்டிகளிலும் அமர்ந்து மாணவியரைக் கவனித்து, அவர்களின் பெற்றோரிடமும் பள்ளிப் பயிற்சியாளர்களிடமும் பேசி, பல ஆண்டுகள் பொறுமையாக உறவை வளர்க்கிறார். எந்த மாதத்தில் நேரில் சந்திக்கலாம், எப்போது பார்வையிட மட்டுமே செய்யலாம், எப்போது எதுவும் கூடாது என்பதற்கெல்லாம் விரிவான நாள்காட்டி உண்டு. அதை மீறினால் கல்லூரிக்கே தண்டனை வரும்.

இரண்டாம் பணி எதிரணியை ஆராய்வது. பருவத்தின் ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளர்கள் தம்முள் பங்கிட்டுக்கொள்ள, ஒவ்வொருவரும் தமக்குரிய எதிரணியின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எந்தப் பக்கம் திரும்பி எறிகிறார், நெருக்கடியில் எந்த உத்தியை நாடுகிறார் என்பவற்றைத் தொகுத்துத் தலைமைப் பயிற்சியாளரிடமும் வீராங்கனைகளிடமும் விளக்குகிறார். அந்த உத்திகளை ஒத்திகை பார்க்க, கல்லூரியில் பயிலும் ஆண் மாணவர்கள் தன்னார்வலர்களாக வந்து எதிரணிபோல ஆடும் வழக்கம் பெண்கள் கூடைப்பந்தில் பரவலாக உண்டு. அவர்களைத் தயார்செய்வதும் உதவிப் பயிற்சியாளரின் பொறுப்பே. மூன்றாம் பணி தனித்திறன் பயிற்சி: உயரமானவர்களுக்கு ஒருவர், பந்தைக் கொண்டுசெல்பவர்களுக்கு ஒருவர் எனப் பிரித்துக்கொண்டு, பருவக்காலத்தில் ஒரு மாணவியிடம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக் கூடாது என்ற வரம்புக்குள், எறியும் கையின் கோணத்தையும் காலடி வைக்கும் முறையையும் திருத்துகின்றனர்.

இவற்றுக்கு அப்பால், எந்தப் பணிப்பட்டியலும் முழுமையாகச் சொல்லாத ஒரு கடமை உண்டு. வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்திருக்கும் 18 வயது மாணவியின் வகுப்பு வருகை, தேர்வு, காயம், மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனித்து, தலைமைப் பயிற்சியாளரின் கடுஞ்சொல்லுக்குப் பின்னுள்ள எதிர்பார்ப்பை அவளுக்கு விளக்கி, அவளது குறையைத் தலைமையிடம் எடுத்துச் சொல்வது அக்கடமை. டெய்லி இத்துறையில் பெற்ற மதிப்பும் பெரிதும் இதனாலேயே வந்தது. உடையிலும் நேரம் தவறாமையிலும் பிறரிடம் பேசும் முறையிலும் அவர் வலியுறுத்திய ஒழுங்கு, ஆட்டத்திறனுக்கு நிகராக அவ்வணியின் இயல்பாக அறியப்படுகிறது. 2021 மார்ச்சில் கொரோனா தொற்றால் ஆரியம்மா சான் அன்டோனியோ நகரில் நடந்த தேசியத் தொடரின் முதல் இரு ஆட்டங்களுக்கும் வர இயலாதபோது, டெய்லி அணியை நடத்த, அது இரண்டிலும் பெரும் வேறுபாட்டில் வென்றது. தலைவரின்றியும் தடுமாறாத அணி, முந்தைய ஆண்டுகளில் அடுத்த இருக்கையில் இருந்தவர் செய்த உழைப்பின் விளைவாகும்.

இத்தொழிலில் ஏறும் படிகள் ஓரளவு வரையறுக்கப்பட்டவை. ஆடி முடித்த மாணவி முதலில் மேற்படிப்பு படித்துக்கொண்டே அணிக்கு உதவுபவராகவோ, ஆட்டப் பதிவுகளைத் தொகுப்பவராகவோ, பயணத்தையும் தங்குமிடத்தையும் கவனிக்கும் நிர்வாகியாகவோ சேர்ந்து, பிறகு உதவிப் பயிற்சியாளராகிறார். முதல் பிரிவில் ஓர் அணிக்கு மூன்று உதவிப் பயிற்சியாளர்களே இருக்கலாம் என்ற நெடுநாள் வரம்பு 2023இல் தளர்ந்து, மேலும் இருவர் அனுமதிக்கப்பட்டனர். அங்கிருந்து பாதை கிளைபிரிகிறது. ஸ்டோர்ஸில் ஆடி, அங்கேயே பயிற்றுவித்த ஷே ரால்ஃப் 2021இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். அவருக்கு முன் ஆடிய ஜமேல் எலியட், 2009 முதல் 2018 வரை சின்சினாட்டி அணிக்குத் தலைமையேற்றபின் ஸ்டோர்ஸுக்கே திரும்பி மீண்டும் உதவிப் பயிற்சியாளரானார். சென்றவரின் பாதையும் திரும்பியவரின் பாதையும் நிலைத்தவரின் பாதையும் ஒரே அணிக்குள் மதிப்புடன் நிலவுவது இவ்வூரின் சிறப்பு.

டெய்லி தனி விதிவிலக்கல்லர் என்பதும் கருதத்தக்கது. கனெக்டிகட்டின் பெரும்போட்டியாளராக விளங்கிய டென்னசி அணியில், தலைமைப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டுக்கு அடுத்த நிலையில் மிக்கி டிமாஸ் பணி தொடங்கியதும் அதே 1985இல்தான். 2003இல் கென்டக்கிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்ற அவர், 2010இல் சம்மிட்டிடமே திரும்பினார். அணிகள் எதிரெதிரே நின்றாலும், டெய்லியும் டிமாஸும் 2018இல் ஒரே மேடையில், டென்னசியின் நாக்ஸ்வில் நகரிலுள்ள பெண்கள் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். 2025இன் இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டை எதிர்த்து ஆடிய தென் கரோலினா அணியிலும், தலைமைப் பயிற்சியாளர் டான் ஸ்டேலியுடன் 2002 முதல் இரு பல்கலைக்கழகங்களில் சேர்ந்து உழைத்த லிசா போயர் இருந்தார். ஸ்டேலி தொழில்முறை வீராங்கனையாக ஆடியபோது அவருக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் போயர் என்பதை எண்ணும்போது, இவ்வுறவில் மூத்தவர் இளையவர் என்ற கணக்கைவிட நம்பிக்கையே அடிப்படை என்பது விளங்கும்.

அந்த நம்பிக்கை இன்று முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது. கல்லூரி மாற விரும்பும் மாணவியர் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் இடமாற்றப் பதிவேடு 2018இல் நடைமுறைக்கு வந்தது. தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பணம் பெறும் உரிமை 2021 ஜூலையில் கிடைத்தது. நெடுங்காலம் பறிக்கப்பட்டிருந்த நியாயமான உரிமைகள் இவை. எனினும் இவற்றால் ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலத்தில் அணி கலைந்து மீண்டும் சேர்கிறது. புதியவர்களைத் தேடுவதோடு, இருப்பவர்களும் தங்கவேண்டும் என்று எண்ணும்படி நடந்துகொள்வதும் உதவிப் பயிற்சியாளரின் பணியாகிவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டின் கோளத்தில் தொடங்கி ஸ்டோர்ஸின் அரங்கில் முடியும் இப்பயணம் காட்டும் உண்மை ஒன்றே. தலைமைப் பதவியை அடைந்தாரா என்ற ஒற்றை அளவுகோலால் ஒரு பயிற்சியாளரின் வாழ்வை அளப்பது தவறு. எத்தனை மாணவியரை ஆளாக்கினார், எத்தனை ஆண்டுகள் ஓர் அணியின் இயல்பைக் காத்தார் என்பவையே சரியான அளவுகள். அவ்வளவுகளின்படி கிறிஸ் டெய்லி தம் காலத்தின் மிகப் பெரிய பயிற்சியாளர்களுள் ஒருவர். வெற்றிப் பட்டியல்களில் தலைவரின் பெயர் எழுதப்படும் இடங்களிலெல்லாம், அடுத்த இருக்கையில் அமர்ந்து உழைத்தவரின் பெயரையும் எழுதுவது விளையாட்டு வரலாற்றாசிரியர்களின் கடமையாகும்.